இசிஜி கற்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் இசிஜி அறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நர்ஸிங் மாணவிகள், கார்டியாக் டெக்னாலஜி படிப்பவர்கள், ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகப்போகிற பையன்கள் என்று ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்கு வருகிறார்கள். முதல் நாளில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். தாளைப் பார்த்த மாத்திரத்தில் "இது ஹார்ட் அட்டாக்" என்று சொல்லிவிட வேண்டும். நான் முதலில் அவர்கள் கையில் கொடுப்பது பஞ்சும் ஸ்பிரிட்டும். ஏமாற்றத்தோடு வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வாரம் போனால் அவர்களே அடுத்த பேட்சுக்குப் பஞ்சை நீட்டுவார்கள்.

நான் டாக்டர் இல்லை. எனக்கு இசிஜி எவ்வளவு தெரிந்தால் போதும்?

பிழையில்லாமல் எடுக்கத் தெரிய வேண்டும். எடுத்ததில் பிழை இருந்தால் அது நம் கைப்பிழையா, நோயாளியின் இதயம் சொல்வதா என்று பிரிக்கத் தெரிய வேண்டும். ஆபத்தான ட்ரேஸிங் (தாளில் விழும் கோடு) வந்தால் அதை வரிசையில் அடுக்கி வைக்காமல் டியூட்டி டாக்டர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கத் தெரிய வேண்டும். ரிப்போர்ட் எழுதுவதும் நோய்க்குப் பெயர் வைப்பதும் டாக்டர் வேலை. ஆனால் தப்பான இடத்தில் ஒட்டி எடுத்த இசிஜியை எவ்வளவு பெரிய இதய மருத்துவர் பார்த்தாலும் தப்பாகத்தான் படிக்க முடியும். அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

கம்பி பத்துதானே இருக்கிறது, பிறகு எப்படி 12 லீட்?

எல்லா பேட்சிலும் வருகிற கேள்வி. கம்பி என்பது உடம்பில் ஒட்டுவது. லீட் என்பது ஒரு பார்வைக் கோணம். தேர் வரும்போது தெருமுனையில் நிற்பவருக்கு அது தன்னை நோக்கி வருவதாகத் தெரியும். பின்னால் நிற்பவருக்கு அதே தேர் விலகிப் போகிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவருக்குக் குறுக்கே கடக்கிறது. தேர் ஒன்றுதான். இதயத்தின் மின்னோட்டமும் அப்படித்தான். ஒரு லீடை நோக்கி வந்தால் கோடு மேலே எழும், விலகிப் போனால் கீழே இறங்கும், குறுக்கே போனால் பாதி மேலும் பாதி கீழுமாக இருக்கும்.

கை, கால்களில் மாட்டும் நான்கில் வலது காலில் மாட்டுவது நியூட்ரல். அது படம் எடுப்பதில்லை. மற்ற மூன்றைச் சேர்த்தும் பிரித்தும் இயந்திரம் ஆறு கோணங்களை உருவாக்குகிறது: லீட் 1, 2, 3, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப். நெஞ்சில் ஆறு கம்பி, ஆறு கோணம்: வி1 முதல் வி6 வரை. மொத்தம் 12.

அலைகளுக்கு ஏன் பி-யில் (P) தொடங்கி பெயர் வைத்தார்கள்?

பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். ஆரம்பக் கருவிகள் காட்டிய கோட்டுக்கு ஏ, பி, சி, டி (A, B, C, D) என்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. அந்தக் கோட்டைக் கணக்குப் போட்டுத் திருத்தி அவர் வரைந்த புதுக்கோட்டுக்கு, குழப்பம் வராமல் இருக்க, அகரவரிசையில் பின்னால் உள்ள பி, கியூ, ஆர், எஸ், டி (P, Q, R, S, T) என்ற எழுத்துகளை எடுத்துக்கொண்டார். அவருடைய கருவி இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டு நின்றது. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்த் தொட்டிகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். லீட் 1, 2, 3 அந்த மூன்று தொட்டிகளிலிருந்து வந்தவை. 1924-ல் நோபல் பரிசு பெற்றார். நாம் தடவுகிற ஜெல்லி அந்த உப்புநீரின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறம் எந்தக் கைக்கு? அவசரத்தில் குழம்புகிறது.

நம் ஊரில் பெரும்பாலும் ஐரோப்பிய முறைக் கேபிள்தான். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. வலது கையில் தொடங்கி சிக்னல் விளக்கு மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சுற்றி வாருங்கள். மிச்சம் இருப்பது கறுப்பு.

ஆனால் சில மருத்துவமனைகளில் அமெரிக்க முறைக் கேபிள் இருக்கும். அதில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கே போய் நின்றால் நான்கும் மாறிப்போகும். ஆகவே கம்பியின் முனையில் உள்ள எழுத்தைப் படித்து மாட்டுங்கள். 'வலது' என்பது நோயாளியின் வலது. எதிரே நிற்கும் உங்கள் வலது அல்ல.

கால் துண்டிக்கப்பட்டவர், மாவுக்கட்டு போட்டவர் வந்தால்?

இருக்கிற பகுதியில், கட்டுக்கு மேலே வையுங்கள். ஒரு பக்கம் தொடையில் வைத்தால் மறுபக்கமும் தொடையிலேயே வைப்பது நல்லது. கைக்கம்பிகளை நெஞ்சுக்குக் கொண்டுவராதீர்கள். அப்படிச் செய்யவேண்டி வந்தால் தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் ட்ரேஸிங்கின் உருவமே மாறும்.

நெஞ்சில் ஆறு இடங்களை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்து வைக்காதீர்கள், விரலால் எண்ணி வையுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது என்பேன்.

தொண்டைக் குழியில் விரலை வைத்து நெஞ்செலும்பின் மேல் மெதுவாகக் கீழே இறக்குங்கள். மூன்று, நான்கு விரற்கடைக்குள் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று இறங்குங்கள். நான்காவது இடைவெளியில், நெஞ்செலும்பை ஒட்டி வலப்பக்கம் வி1, இடப்பக்கம் வி2. அடுத்து வி3-க்குப் போகாமல் வி4-ஐ வையுங்கள்: ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4-இன் அதே மட்டத்தில் அக்குளின் முன்மடிப்புக்குக் கீழே வி5, அக்குளின் நடுவுக்குக் கீழே வி6. இந்தக் கடைசி இரண்டும் விலாவின் வளைவோடு மேலே ஏறக்கூடாது. படுத்திருப்பவரின் உடம்பில் குறுக்கே ஒரு கயிறு கட்டியதுபோல வி4, வி5, வி6 ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

எங்கும் நடக்கிற தப்பு, வி1, வி2 இரண்டையும் ஒன்றிரண்டு இடைவெளி மேலே வைப்பது. முலைக்காம்பை அடையாளமாக வைத்துக்கொண்டு எடுப்பவர்களும் உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும், நம்ப முடியாது. மேலே வைத்தால் வி1-இல் பி அலை தலைகீழாகும். வலது பண்டில் பிளாக் (வலது கீழறைக்குப் போகும் மின்பாதையில் அடைப்பு) மாதிரியான உருவம் வரும். ஆர் அலை வி1-இலிருந்து வி4 வரை வளர வேண்டிய மாதிரி வளராமல், பழைய மாரடைப்போ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். நல்ல இதயம் உள்ள ஒருவர் எக்கோவுக்கு அலைவார், பயத்தில் தூக்கம் கெடுவார். காரணம் நம் நான்கு சென்டிமீட்டர்.

இன்னொன்று ஜெல்லி. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் பல்ப் வைக்கும் அறைகளில் ஒரே இழுப்பாக நெஞ்சு முழுக்கத் தடவி விடுவார்கள். வி1-இல் இருக்கும் ஜெல்லி வி2-ஐத் தொட்டால் இரண்டும் ஒரே கம்பி மாதிரி ஆகிவிடும். அடுத்தடுத்த நெஞ்சு லீடுகள் அச்சு அசலாக ஒன்றுபோல வந்தால் துடைத்துவிட்டுத் தனித்தனிப் பொட்டாக வையுங்கள்.

பெண்களுக்கு எடுக்கும்போது?

திரை முதலில். பெண் ஊழியர் எடுப்பது அல்லது கூட நிற்பது. பிறகு வார்த்தை: "அம்மா, நெஞ்சுல ஆறு இடத்துல வைக்கணும், ரெண்டு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். சொல்லாமல் சேலையை விலக்குகிற கையை எந்த நோயாளியும் மறப்பதில்லை. எடுக்காத நேரத்தில் ஒரு துண்டால் மூடி வையுங்கள்.

வி4, வி5, வி6 வழக்கமாக மார்பகத்தின் மேல் அல்ல, அதன் கீழ் மடிப்பில் வைக்கப்படும். மார்பகத்தைத் தூக்கவேண்டி வந்தால் அவரையே தூக்கிப் பிடிக்கச் சொல்லலாம், இல்லையென்றால் உங்கள் புறங்கையால். கூச்சத்தில் இடத்தை மாற்றி வைத்துவிட்டு வருவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். கம்பி முனையில் உடம்பைத் தொடும் எலெக்ட்ரோடில் படாமல் கழுத்தின் பக்கமாக ஒதுக்கி வைத்தால் போதும். "கழற்றுங்க" என்று சொன்னதற்காக இசிஜியே வேண்டாம் என்று எழுந்து போன பாட்டியை எனக்குத் தெரியும். வளையலும் அப்படித்தான், கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு கிளிப்பை மாட்டுங்கள்.

ட்ரேஸிங் நடுங்குகிறது, கோடு அலைபாய்கிறது. என்ன செய்ய?

நடுக்கத்தில் வகை உண்டு.

கோடு முழுக்க ரம்பப் பல் மாதிரி ஒரே சீராகத் தடித்துத் தெரிந்தால் அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன், இன்ஃப்யூஷன் பம்ப் எது இருக்கிறது என்று பாருங்கள். இயந்திரத்தில் சார்ஜ் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் எடுங்கள். பல நேரம் அதிலேயே சுத்தமாகிவிடும்.

கோடு மலைப்பாதை மாதிரி மெதுவாக ஏறி இறங்கினால் மூச்சு, அல்லது சரியாக ஒட்டாத எலெக்ட்ரோடு. வேர்வை, தேங்காய் எண்ணெய், நெஞ்சில் தடவிய தைலம் எல்லாவற்றையும் துடையுங்கள். நான் முதல் நாள் பஞ்சைக் கொடுப்பது இதற்குத்தான். முடி அடர்த்தியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் மழித்துவிடுங்கள்.

ஒழுங்கில்லாமல் முள் முள்ளாக இருந்தால் தசை. குளிர், பயம், பார்க்கின்சன் நடுக்கம். ஏசியைக் குறையுங்கள், போர்வை போடுங்கள், கையை உடம்போடு ஒட்டித் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பார்க்கின்சன் நடுக்கம் சில லீடுகளில் வென்ட்ரிகுலர் டக்கிகார்டியா (கீழறையில் பிறக்கும் ஆபத்தான வேகத் துடிப்பு) மாதிரியே தெரியும். அப்போது நடுக்கம் குறைவாக உள்ள லீடில் ஒழுங்கான கியூஆர்எஸ் (கீழறைகளின் கூரான அலை) தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசி வழியாகத்தான் ஃபில்டர். தசை ஃபில்டரைப் போட்டால் தாள் அழகாகிவிடும், உண்மை. ஆனால் கியூஆர்எஸ் உயரம் குறையலாம், அதற்கும் டி அலைக்கும் நடுவில் உள்ள, மாரடைப்பைக் காட்டும் எஸ்டி பகுதியின் வடிவமும் மாறலாம். நெஞ்சு வலியோடு வந்தவருக்கு அழகான தாளைவிட உண்மையான தாள்தான் வேண்டும்.

கம்பியை மாற்றி மாட்டிவிட்டேன் என்று எப்படித் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் இரவு டியூட்டியில் சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாட்டினேன். லீட் 1-இல் எல்லாமே தலைகீழ். பயிற்சி டாக்டர் பார்த்துவிட்டு "இதயம் வலப்பக்கம் இருக்கிறதோ" என்று ஆரம்பித்துவிட்டார். மூத்த டெக்னீஷியன் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்து, "வி லீடு நல்லாத்தானே வளருது? போய் கையைப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

அவர் சொன்னதுதான் சூத்திரம். கை மாறினால் லீட் 1 கவிழும், ஏவிஆர் நிமிரும், நெஞ்சு லீடுகள் மாறாது. இதயம் உண்மையாகவே வலப்பக்கம் இருந்தால் நெஞ்சு லீடுகளிலும் ஆர் அலை வளராமல் வி6-ஐ நோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். வலது கையும் வலது காலும் மாறியிருந்தால் லீட் 2 கிட்டத்தட்ட வெறும் கோடாக வரும். இரண்டு கால்களும் தங்களுக்குள் மாறினால் எதுவுமே தெரியாது, கவலையும் இல்லை. ஒவ்வொரு தாளையும் கிழிப்பதற்கு முன் லீட் 1-ஐயும் ஏவிஆரையும் ஒரு பார்வை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

கட்டங்களை எப்படிப் படிப்பது? துடிப்பை எப்படி எண்ணுவது?

வழக்கமான வேகம் நொடிக்கு 25 மி.மீ. ஆகவே ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. உயரத்தில் 10 மி.மீ. என்றால் 1 மில்லிவோல்ட். தாளில் பெட்டி மாதிரி ஒரு குறி இருக்கும், அது பத்துச் சின்னக் கட்டம் உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ பாதி அளவுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் அலைகள் எல்லாம் பாதியாகத் தெரியும், எஸ்டி ஏற்றமும் பாதியாகிவிடும்.

சீரான துடிப்புக்கு, ஓர் ஆர்-இலிருந்து அடுத்த ஆர் வரை எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுங்கள். மூன்று கட்டம் என்றால் நிமிடத்துக்கு 100, நான்கு என்றால் 75, ஐந்து என்றால் 60. துடிப்பு சீரில்லை என்றால் இந்த வழி ஏமாற்றும். அப்போது 30 பெரிய கட்டங்களுக்குள் எத்தனை கியூஆர்எஸ் இருக்கிறது என்று எண்ணி 10-ஆல் பெருக்குங்கள், ஏனென்றால் 30 பெரிய கட்டம் ஆறு நொடி.

மனப்பாடம் செய்தே தீரவேண்டிய அளவுகள்?

பிஆர் இடைவெளி (பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ் தொடக்கம் வரை) மூன்றிலிருந்து ஐந்து சின்னக் கட்டம், அதாவது 0.12 முதல் 0.20 நொடி. கியூஆர்எஸ் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள். கியூஆர்எஸ் தொடங்கி டி அலை முடியும் வரை உள்ள நேரம் கியூடி; துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லாமல் வைக்காதீர்கள். மற்றவை வேலையில் தானாக வரும்.

இந்த எண்களின் பின்னால் உள்ள கதை தெரிந்தால் மறக்காது. வலது மேலறையின் உச்சியில் உள்ள எஸ்ஏ கணுவில் பொறி தட்டுகிறது. மேலறைகள் முழுக்கப் பரவுவது பி அலை. பிறகு ஏவி கணுவில் கொஞ்சம் நிற்கிறது, கீழறைக்குள் இரத்தம் இறங்க நேரம் வேண்டுமல்லவா? அந்தக் காத்திருப்பு பிஆர் இடைவெளிக்குள் இருக்கிறது. அப்புறம் கீழறைகளின் மின்பாதை வழியாகச் சட்டென்று பரவுவது கியூஆர்எஸ். பாதை சரியாக இருந்தால் ஒல்லியாக இருக்கும். பாதை அடைபட்டாலோ, துடிப்பே கீழறையில் பிறந்தாலோ தசை வழியாக ஊர்ந்து போகும், கியூஆர்எஸ் அகலமாகும். டி அலை என்பது கீழறை அடுத்த துடிப்புக்குத் தயாராவது.

டி அலை தலைகீழாக இருந்தால் நோயா?

எப்போதும் இல்லை. ஏவிஆரில் தலைகீழாக இருப்பதுதான் இயல்பு. வி1-இலும் இருக்கலாம். குழந்தைகளுக்கு வி1 முதல் வி3 வரை இருக்கலாம்.

எந்தத் தாளைப் பார்த்தால் ஓட வேண்டும்?

முதலில் தாளைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். மானிட்டரில் நேர்கோடு, ஆனால் நோயாளி தண்ணீர் கேட்கிறார் என்றால் கம்பி கழன்றிருக்கிறது. நோயாளி பேசவில்லை, நாடி இல்லை என்றால் தாளுக்காகக் காத்திருக்காமல் ஆள்களைக் கூப்பிட்டு சிபிஆரைத் தொடங்குங்கள்.

அகலமான கியூஆர்எஸ் வேகவேகமாக ஓடினால், வேறு ஒன்று என்று டாக்டர் சொல்லும்வரை வென்ட்ரிகுலர் டக்கிகார்டியா என்றே வைத்துக்கொள்ளுங்கள். வடிவமே இல்லாத கிறுக்கல், கூடவே நாடியும் இல்லை என்றால் ஃபிப்ரிலேஷன் (கீழறைகள் துடிக்காமல் வெறுமனே அதிர்வது), ஷாக் கொடுக்கவேண்டிய நேரம். பி அலைகள் ஒரு கணக்கில், கியூஆர்எஸ் வேறு கணக்கில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மெதுவாக நடந்தால் முழு ஹார்ட் பிளாக். ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத மாமியாரும் மருமகளும் என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன், யாரும் மறந்ததில்லை. பி அலையே காணோம், ஆர்-ஆர் இடைவெளியில் எந்த ஒழுங்கும் இல்லை என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறைகள் அதிர்கின்றன. வேகமும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அவசரம். இல்லாவிட்டாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும், பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் துடிப்பு அது.

மாரடைப்பை எப்படி அடையாளம் காண்பது?

எஸ்டி பகுதி. கியூஆர்எஸ் முடியும் இடத்திலிருந்து டி அலை தொடங்கும் வரை உள்ள துண்டு, பேஸ்லைனுக்கு (அலை இல்லாத அடிக்கோட்டுக்கு) சமமாக இருக்க வேண்டியது. பக்கத்துப் பக்கத்து இரண்டு லீடுகளில் 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் எழும்பியிருந்தால் எச்சரிக்கை. வி2, வி3-இல் மட்டும் வரம்பு கூடுதல்: 40 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 2 மி.மீ., அதைவிட இளைய ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5. 'பக்கத்து லீடு' என்பது தாளில் பக்கத்தில் இருப்பது அல்ல, இதயத்தின் அதே சுவரைப் பார்ப்பது. லீட் 2, 3, ஏவிஎஃப் அடிச்சுவர். வி1 முதல் வி4 வரை முன்சுவர். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 பக்கச்சுவர்.

அடிச்சுவரில் ஏற்றம் தெரிந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், வி4 கம்பியை வலப்பக்கம் அதே இடத்துக்கு மாற்றி இன்னொரு தாள் எடுத்து 'வலது' என்று எழுதிக் கொடுங்கள். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடலாம். வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கியிருந்தால் பின்சுவரைச் சந்தேகித்து முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 எடுக்கச் சொல்வார்கள். இடம் தெரிந்து வைத்திருங்கள்: வி6-இன் மட்டத்திலேயே தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை ஒட்டி வி8, அதற்கு முன்னால் அக்குளின் பின்மடிப்புக்குக் கீழே வி7, முதுகெலும்பின் ஓரத்தில் வி9.

நெஞ்சு வலி என்று வாசலில் வந்து நின்ற நேரத்திலிருந்து 10 நிமிடத்துக்குள் முதல் இசிஜி எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது உலக அளவிலான விதி. "கேஸ் டிரபிள்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று வருபவருக்கும், வலியே இல்லாமல் வேர்த்துக் கொட்டி வரும் சர்க்கரை நோயாளிக்கும் இதே 10 நிமிடம்தான்.

சின்ன ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் இசிஜியால் என்ன பயன்?

அங்கேதான் அதிகப் பயன். தமிழ்நாட்டில் சின்ன மருத்துவமனைகளில் இசிஜி எடுத்துப் பெரிய மையத்துக்கு அனுப்பி, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே தொடங்கி, பிறகு ஆஞ்சியோவுக்கு மாற்றும் வலைப்பின்னல் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. 2017-ல் வெளியான அதன் முடிவில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். 2023-ல் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் அளவு சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்படுகிறது. இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி, நெஞ்சில் விரலால் எண்ணி வி1-ஐ வைக்கிற ஆள்.

இசிஜி நார்மல் என்றால் இதயத்துக்கு ஒன்றுமில்லையா?

அப்படிச் சொல்லவே சொல்லாதீர்கள். இசிஜி பத்து நொடிப் படம். மாரடைப்பின் ஆரம்பத்தில் தாள் சுத்தமாக இருக்கலாம். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். திரும்ப எடுக்கும்போது எலெக்ட்ரோடு வைத்த இடம் மாறக்கூடாது. மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தாளில் நேரத்தையும், அப்போது வலி இருந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள்.

இயந்திரமே விளக்கம் அச்சடிக்கிறதே, நாம் எதற்குப் படிக்க வேண்டும்?

அதன் அளவுகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். தாளத்தைப் பற்றிச் சொல்வதும் எஸ்டி பற்றிச் சொல்வதும் அடிக்கடி தவறும். நடுங்கும் கோட்டை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லும். டி அலை உயரமாக இருந்தால் அதையும் ஒரு துடிப்பாக எண்ணி இரட்டிப்பு வேகம் காட்டும். கம்பி மாறியது எப்போதும் அதற்குத் தெரிந்துவிடாது. விளக்கம் அச்சாகியிருக்கும் மேல்மூலையை விரலால் மறைத்துக்கொண்டு நீங்களே படியுங்கள், பிறகு விரலை எடுங்கள்.

இதயம் அல்லாத காரணங்களால் இசிஜி மாறுமா?

மாறும். டயாலிசிஸ் நோயாளி ஒரு முறை வராமல் விட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். டி அலை கூடாரம் மாதிரி கூர்மையாக எழும், பி அலை தட்டையாகும், கியூஆர்எஸ் அகலமாகும். அதற்கு அடுத்த கட்டம் இதயம் நிற்பது. ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே இசிஜி காட்டிக்கொடுக்கும் இடம் இது.

நம் பக்கத்திலும் இலங்கையிலும் அடிக்கடி வருகிற இன்னொன்று அரளி விஷம். அதிலுள்ள பொருள் டிஜாக்ஸின் என்ற இதய மருந்து மாதிரியே இதயத்தைப் பிடிக்கும். துடிப்பு மெதுவாகும், ஏவி பிளாக் (ஏவி கணுவில் தடை) வரும். வந்த உடன் எடுத்த தாள் நன்றாக இருந்தாலும் பிறகு மோசமாகலாம். அதனால் மானிட்டரைக் கழற்றாதீர்கள், திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நோயாளியிடம் "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று கேட்காமல் இருப்பதும் நம் வேலையில் சேர்த்தி.

"நல்லா இருக்கா சார்?" என்று நோயாளி கேட்டால்?

"எடுத்தாச்சும்மா, டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க." முகத்தை மாற்றாமல் சொல்லப் பழகுங்கள். கடினமானது முகம்தான். நோயாளிகள் தாளைப் படிப்பதில்லை, நம் புருவத்தைப் படிக்கிறார்கள்.

ஷாக் அடிக்குமா என்று பயப்படுகிறார்கள்.

இயந்திரம் உடம்புக்குள் எதையும் அனுப்பவில்லை, உடம்பிலிருந்து வருவதைக் கேட்கிறது என்று சொல்லுங்கள். பாட்டிகளுக்கு அது போதும். தாத்தாக்களுக்கு இரண்டு முறை சொல்ல வேண்டும்.

முறையாகப் படிக்க என்ன வழி?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் கார்டியாக் டெக்னாலஜியில் பி.எஸ்சி. இருக்கிறது. இசிஜி, டிரெட்மில் டெக்னீஷியனுக்கான சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கென்று நாடாளுமன்றம் 2021-ல் தனிச் சட்டமே இயற்றி ஆணையம் அமைத்தது. எனவே எங்கே சேர்வதாக இருந்தாலும் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். "மூன்றே மாதத்தில் இதய நிபுணர்" என்று சுவரொட்டி ஒட்டுகிற இடங்களில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வேலையிலேயே படிப்பவர்களுக்கு என் யோசனை ஒன்று. ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ஐந்து தாள்: வேகம், தாளம், பிஆர், கியூஆர்எஸ், எஸ்டி என்று ஒரே வரிசையில் கையால் அளந்து எழுதுங்கள். டாக்டர் என்ன எழுதினார் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். பொருந்தாத இடத்தில் சிவப்பு மை. முதல் இருநூறு தாள் நார்மலாகவே இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், நார்மல் கண்ணில் பதிந்தால்தான் மற்றது உறுத்தும். போனில் படம் எடுத்தால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அதை மறுபடி ஒரு முறை பாருங்கள்.

பழைய இசிஜி தாள் வெளுத்துப் போய்விடுகிறதே?

வெப்பத்தால் அச்சாகும் தாள் அது. வெயில், ஸ்பிரிட், சானிடைசர், பிளாஸ்டிக் உறை எதுவும் ஆகாது. மாரடைப்பு வந்தவரின் பழைய தாள் புதுத் தாளோடு ஒப்பிட மிகவும் தேவை. அதனால் எடுத்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதைக் கோப்பில் வையுங்கள். லேமினேட் செய்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போயிருக்கும்.